நேரில் கண்டவர் கையொப்பம்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதினான்கு மாதம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் என்ன கெட்ட செய்தியோ என்று பயப்படாதே. வீட்டில் எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் நான் ஒருவன்தான், அந்த ஒருவனும் நலம்.

போன் செய்திருக்கலாம். செய்தால் இரண்டாவது நிமிடம் சண்டை வரும், மூன்றாவது நிமிடம் நம்மில் ஒருவர் வைத்துவிடுவோம். காகிதம் குறுக்கே பேசாது. அதோடு இந்த உறைக்குள் ஒரு படிவம் இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் நர்சிங் படிக்கப் போகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

எனக்கு இருபத்தொன்பது வயது. வயது வரம்பு முப்பது. இந்த வருடம் விண்ணப்பிக்காவிட்டால் அடுத்த வருடம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பள்ளியில் உயிரியலில் ஐம்பத்திரண்டு வாங்கினேன், ஞாபகம் இருக்கிறதா? ஐம்பது போதுமாம். அன்றைக்கு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்றைக்கு அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் உள்ளே நுழையப் பார்க்கிறேன்.

பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் வேலை ஒன்பது வருடம் ஆகிவிட்டது. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எப்போது கிளம்பியது, ஏன் தாமதம் என்று எழுதுகிறேன். டிரைவர்கள் என்னை 'மணிக்கூண்டு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேலையில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அம்மா போன பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பெஞ்சில் யாராவது பெரியவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் எழுந்து போய் நிமிர்த்தி வைத்துவிடுகிறேன். போன வாரம் ஒருவர், "தூங்குற மனுஷனை எதுக்குய்யா எழுப்புறே"ன்னு நன்றாகத் திட்டினார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

இரண்டு இடம் பார்த்திருக்கிறேன். ஒன்று உங்கள் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரி, நான்கு வருடப் பட்டம். இன்னொன்று இங்கே பாலம் தாண்டி இருக்கிற மாவட்ட ஆஸ்பத்திரியின் கல்லூரி, மூன்று வருட டிப்ளமோ. எது நல்லது என்று நீ சொல். நீ சொல்வதைக் கேட்கிறேன், சத்தியமாக.

இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒரு சான்று கேட்கிறார்கள். நான் ஒரு நோயாளியைப் பராமரித்ததை நேரில் கண்டதாகப் பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் கையொப்பம் போட வேண்டும். எனக்குத் தெரிந்த நர்ஸ் நீதான். போட்டு அனுப்பு. கடைசி நாள் ஏப்ரல் 15.

அன்றைக்கு வாசலில் நான் பேசியதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

சிரிக்கவில்லை. மருந்து அறையில் ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். "சிஸ்டர், எதாவது கெட்ட சேதியா?" என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை, என் தம்பி எழுதியிருக்கிறான் என்றேன். அவளுக்கு எனக்கு ஒரு தம்பி இருப்பதே தெரியாது. இந்த வார்டுக்குப் பொறுப்பேற்று ஆறு வருடம் ஆகிறது, யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது.

முதலில் கல்லூரி. எங்கள் கல்லூரி கட்டிடத்தைப் பார்த்தால் மயங்கிவிடுவாய். கண்ணாடிச் சுவர், பெரிய நூலகம், கண் சிமிட்டுகிற பொம்மை நோயாளிகள். ஒரு வகுப்புக்கு நூற்றிருபது பேர். இரண்டாம் வருடம்தான் வார்டுக்கு வருவார்கள். வந்தும் ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். கடைசியில் நிற்கிறவன் நோயாளியின் கால் கட்டைவிரலை மட்டும் பார்த்துவிட்டுப் போவான். உங்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் முப்பது பேர்தான். மூன்றாம் மாதமே கையில் வேலை கொடுத்துவிடுவார்கள். நேரில் போய் விசாரி. வார்டில் மாணவன் பக்கத்தில் ஆசிரியர் நிற்கிறாரா, தனியே விட்டுவிடுகிறாரா? போன மூன்று வருடத்தில் பதிவுத் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள்? ஆண்களைப் பிரசவ வார்டுக்கு அனுப்புகிறார்களா, இல்லை அந்தப் பாடத்தைக் காகிதத்திலேயே முடித்துவிடுகிறார்களா? பதில் திருப்தியாக இருந்தால் அங்கேயே சேர். டிப்ளமோவை வைத்துக்கொண்டு பின்னால் இரண்டு வருடத்தில் பட்டம் வாங்கிவிடலாம். பதிவுத் தேர்வு எல்லாருக்கும் ஒன்றுதான். ஊசி போடும்போது நீ எங்கே படித்தாய் என்று எந்த நோயாளியும் கேட்பதில்லை.

இன்னொன்று. அம்மாவைப் பார்த்துக்கொண்டதும் இதுவும் ஒன்றல்ல. அங்கே ஒரு கட்டில், இங்கே பன்னிரண்டு. இடுப்பு போய்விடும். நீ துடைத்துவிட்ட ஆளே உன் மேல் துப்புவான்.

இப்போது அந்தப் படிவம். அதில் 'நேரில் கண்டேன்' என்று இருக்கிறது. நான் காணவில்லை. லீவு கேட்டேன், மறுத்துவிட்டார்கள், உனக்குத் தெரிந்ததுதான். கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்ட ஒரு பெண்ணைப் போன மாதம்தான் வேலையிலிருந்து அனுப்பினேன். நானே அதைச் செய்ய மாட்டேன்.

இன்னொரு நாள் எழுதுகிறேன் என்கிறாய். நானே எழுதிவிடுகிறேன். அம்மா போன மூன்றாம் நாள் பெட்டியோடு வந்து நின்றவளை வாசலிலேயே மறித்து, "இப்ப எதுக்கு வந்தீங்க சிஸ்டர், பல்ஸ் பாக்கவா?" என்று கேட்டாய். அப்படிக் கேட்டவனுக்கு நான் எதைப் பார்த்ததாக எழுதித் தருவது?

அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

பாலம் தாண்டிப் போய் விசாரித்தேன். ஆசிரியர் கூடவே நிற்கிறார். முப்பதில் இருபத்தாறு, இருபத்தெட்டு, இருபத்தைந்து பேர் தேறியிருக்கிறார்கள். பிரசவ வார்டைப் பற்றிக் கேட்டதும் அலுவலகத்து அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதைக் கேக்கச் சொன்னது யாரு?" என்றார். எங்க அக்கா என்றேன். "அவங்களையே சேரச் சொல்லுங்க" என்றார். ஆனால் அனுப்புகிறார்களாம்.

படிவம் பற்றி நீ எழுதியது நியாயம். எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்க் கையெழுத்துத்தான். வந்தது. சரி, நேரில் காணவில்லை. படித்தாவது பார்.

இதோடு வரும் பார்சலில் மூன்று நோட்டுகள். பக்கவாதம் வந்து அம்மா படுத்த மறுநாளிலிருந்து கடைசி நாள் வரை. எனக்கு எழுதத் தெரிந்தது ஒரே மாதிரிதான், அதனால் பஸ் நிலைய ரிஜிஸ்டர் போலவே இருக்கும். 'புறப்பாடு 10.00, இடது. சேர்ந்தது 12.00, வலது' என்றால் அம்மாவை இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன் என்று அர்த்தம். தாமதம் என்றால் தாமதம். பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நான்கு நிமிட நடை. 11.50 வண்டியை அனுப்பிவிட்டு ஓடி வந்து திருப்பிவிட்டு 12.05-க்கு முன்னால் ஓடிப்போய்விடுவேன். மூத்திரப் பை அளவும் எழுதியிருக்கிறேன்.

கையெழுத்துப் போடு என்று கேட்கவில்லை. படி.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

மூன்று நோட்டையும் நான்கு நாளில் படித்தேன். வார்டு உணவு இடைவேளையில் கொஞ்சம், என் அறையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மீதி. முதல் நாள் சிரித்தேன். 'தாமதம் 8 நிமிடம். காரணம்: அம்மா திரும்ப மறுத்தார், பேச்சுவார்த்தை நடந்தது' என்று எழுதியிருக்கிறாயே, என் வார்டுப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன்.

இரண்டாவது நோட்டில் ஒரு பக்கம். 'புறப்பாடு பிற்பகல் 1.00, வலது. சேர்ந்தது 5.10. தாமதம் 2 மணி 10 நிமிடம். காரணம்: டைம் கீப்பர் நாற்காலியில் தூங்கிவிட்டார்.' ஐந்து நாள் கழித்து, 'இடுப்பில் சிவப்பு. தோல் விட்டிருக்கிறது. என்னால்.' பிறகு நாற்பத்தோரு நாள் புண்ணின் நீளமும் அகலமும். அது மூடின நாளில் அடிக்கோடு. யாரும் பார்க்காத நோட்டில் தன் தப்பைத் தானே எழுதி வைக்கிற ஆளைப் பத்தொன்பது வருடத்தில் நான் அதிகம் பார்க்கவில்லை. இடுப்பு போய்விடும், துப்புவார்கள் என்றெல்லாம் எழுதினேனே, அதை அடித்துவிடு. நீ படி.

இப்போது நான் கண்டுபிடித்ததைக் கேட்கிறேன். உன் வார லீவு நாளான ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், '11.30 சுகாதார நிலைய நர்ஸ் வருகை. 11.50 புறப்பாடு' என்று இருக்கிறது. ஒன்பது மாதத்துச் செவ்வாய். அந்தப் புண்ணைப் பார்த்ததே அவர்தான். உனக்குக் கட்டுப்போடச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நேரில் கண்டவர் தெருமுனையில் இருக்கும்போது, எனக்குத் தெரிந்த நர்ஸ் நீதான் என்று ஒரு நாள் முழுக்க ரயிலில் வந்தாலும் எட்டாத என்னிடம் ஏன் படிவத்தை அனுப்பினாய்? என்ன விளையாட்டு இது? உடனே அவரிடம் போ. அஞ்சலில் போகிற நாளையும் சேர்த்து எண்ணிக்கொள்.

நீ உன் தாமதத்தை எழுதியிருக்கிறாய். நான் என்னுடையதை எழுத வேண்டும்.

லீவு மறுத்தார்கள் என்றது முதல் தடவை உண்மை. இரண்டாவது தடவை, அம்மா படுத்த ஐந்தாம் மாதம், கொடுத்தார்கள். எட்டு நாள். டிக்கெட் எடுத்தேன். பெட்டியும் கட்டினேன். அன்று காலை என் வார்டில் ஒரு அம்மாள், பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தவர், வாய் கோணி, கண்ணால் மட்டும் என்னைத் தேடிக்கொண்டே இருந்தார். எத்தனையோ பேரைப் பார்த்தவள்தான் நான். அன்றைக்கு அவர் முகத்தில் நம் அம்மாவைப் பார்த்துவிட்டேன். அறைக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். லீவை ரத்து செய்துவிட்டு வேலைக்கு வந்து நின்றேன். உன்னிடம் மறுத்துவிட்டார்கள் என்றேன். எனக்குப் பயமாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

அம்மா என்னைக் கேட்டாளா? இதை உன்னிடம் இன்றுவரை கேட்க வாய் வரவில்லை. உள்ளதைச் சொல்.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்ததும் மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். இரண்டு நாள் உன் மேல் அப்படி ஒரு கோபம். எட்டு நாள் லீவு, கையில் டிக்கெட். அந்த எட்டு நாளில் அம்மாவுக்கு நினைவு நன்றாக இருந்தது, எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ வந்திருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் மற்றதை எழுத முடியாது.

மூன்றாவது நாள் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ இருந்தது. ஒன்பது வருடத்தில் நான் டிரைவர்களிடம் பார்த்தது, எல்லாருமே தாமதத்துக்கு டிராஃபிக் என்றுதான் எழுதச் சொல்வார்கள். எப்போதாவது ஒருத்தர், "பயந்துட்டேன் மணிக்கூண்டு, பாலத்து மேல ஓரமா நிறுத்திட்டேன்" என்பார். அவரை நான் திட்டியதே இல்லை. உன்னையும் முடியவில்லை. வாசலில் நான் பேசியதற்கு மன்னித்துக்கொள். பதினைந்து மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

படிவம் முடிந்தது. மூன்றாம் தேதி புதுப் படிவங்கள் வாங்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். அந்த அம்மா படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஏம்பா, இதுக்கு இவ்வளவு நாளா? உனக்கு நான் எழுதித் தராம வேற யாரு தருவா?" என்றார். இரண்டு கல்லூரிக்கும் பதிவு அஞ்சலில் அனுப்பியாயிற்று. ஏன் முதலிலேயே அவரிடம் போகவில்லை என்று கேட்டாய். இப்போது சொல்கிறேன், உன் கேள்விக்குப் பதிலும் அதில்தான் இருக்கிறது.

அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது என்று உனக்குத் தெரியும். முழுக்கப் போகவில்லை. மூன்று பேச்சு மிஞ்சியது. முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அல்லவா, 'ஹலோ' ஒன்று, 'லைன்ல இருங்க' ஒன்று. என்னை ஹலோ என்றுதான் கூப்பிடுவாள். நான் வேலைக்குக் கிளம்பினால் "லைன்ல இருங்க" என்பாள். மூன்றாவது, உன்னைக் கூப்பிடுகிற 'பெரியவ'.

அந்த நர்ஸ் முதல் செவ்வாய் வெள்ளைக் கோட்டோடு உள்ளே வந்ததும் அம்மா முகம் மலர்ந்துவிட்டது. கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "பெரியவ, பெரியவ" என்றாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், ஒன்றும் சொல்லாதீர்கள் என்று. புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கட்டுப்போட்டு முடித்ததும் பத்து நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைக் கொடுத்துக்கொண்டிருப்பார். கிளம்பும்போது, "போயிட்டு செவ்வாக்கிழமை வரேம்மா" என்பார். அம்மா உன்னைக் கேட்கவில்லை அக்கா. கேட்க அவளுக்குத் தேவை இருக்கவில்லை. நீ வாரா வாரம் வந்துபோவதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

இதை உன்னிடம் சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்குமா, வலிக்குமா என்று எனக்கு விளங்கவில்லை. அதனால்தான் நோட்டில் எழுதவில்லை. அந்த நர்ஸ் மேல் எனக்கு எவ்வளவோ நன்றி. ஆனால் அம்மாவிடம் உன் இடத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார். என் படிவத்திலாவது உன் இடத்தில் நீயே இருக்கட்டும் என்று தோன்றியது. அதோடு படிவம் இல்லையென்றால் உனக்கு எழுத என்னிடம் வேறு சாக்கும் இல்லை.

தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

வலித்தது. ஆறுதலாகவும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வரும் என்று நோயாளிகளின் வீட்டார் சொல்லிக் கேட்டிருக்கிறேன், தலையாட்டியிருக்கிறேன், நம்பியதில்லை.

அந்த நர்சுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான்கு முறை கிழித்தேன். 'என் அம்மாவுக்கு மகளாக இருந்ததற்கு' என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் பேனா நகரவில்லை. நீ போய் நேரில் சொல். என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது, எதையாவது சொல்.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கேலி செய்யாதே. உள்ளூர்க் கல்லூரியில் சேர் என்று பெரிய மனுஷி மாதிரி எழுதிவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை என் அறையில் அலமாரியை நகர்த்தி இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்தேன். இருக்கிறது. எங்கள் கல்லூரிக்கு நீ வந்தால் என் ஜன்னலிலிருந்து உன் வகுப்பு வாசல் தெரியும். மதியம் நீ என் டப்பாவைத் திறந்து பாதியைத் தின்றுவிட்டுப் போவாய். இங்கே பத்தொன்பது வருடமாக நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். உனக்கு நல்லது பாலம் தாண்டி இருக்கிற கல்லூரிதான் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை எழுதியது வார்டு சிஸ்டர். இதை எழுதுவது அக்கா.

உன் படிவம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, வெறுமையாக.

அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு இடத்திலும் கிடைத்துவிட்டது. உங்கள் கல்லூரியில் காத்திருப்போர் பட்டியலில் ஒன்பதாவதாக இருந்தேன், நேற்று அழைப்பு வந்தது. பதில் சொல்ல மூன்று நாள் கொடுத்தார்கள்.

உன் ஏப்ரல் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எழுதி வைக்கவில்லை. ஜன்னலும் வாசலும் என் கண்முன்னே வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் அக்கா, பாலம் தாண்டித்தான் பணம் கட்டினேன். முப்பதாவது வயதில் ஆரம்பிக்கிறவன் கட்டிலைச் சுற்றிப் பத்தாவது ஆளாக நிற்க முடியாது. எனக்குக் கையில் வேலை வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தது நீதான். உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அங்கே வந்தால், முதல் வாரமே நீ கண்டுபிடித்துத் திட்டுவாய்.

கோபம் வந்தால் எழுது. ஆகஸ்ட் முதல் தேதி வகுப்பு. அதற்கு முன்னால் உனக்கு லீவு கிடைக்குமா? இந்த முறை எட்டு நாள் கூட வேண்டாம், நான்கு போதும். கொடுத்தால் வா. கொடுக்காவிட்டால் கொடுக்கவில்லை என்று எழுது. கொடுத்தும் பெட்டியைப் பிரிக்கத் தோன்றினால் அதையும் எழுது. மறைக்காதே, அவ்வளவுதான் கேட்கிறேன். அம்மாவின் கட்டில் அவள் அறையில் அப்படியேதான் இருக்கிறது.

தம்பி


ஜூலை 25

என் தம்பிக்கு,

நேற்று இங்கே என் அறைக்கு வந்து சேர்ந்தேன். பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் உண்மையாகவே திரும்பி வந்துவிட்டது போல ஆகிவிடும்.

வீட்டில் முதல் இரண்டு நாள் அம்மாவின் அறைக்குள் நான் நுழையவில்லை, நீயும் கூப்பிடவில்லை. மூன்றாவது நாள் மதியம் நானே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அம்மாவுக்கு செஞ்ச மாதிரி செய், பாக்கணும்" என்றேன். என்னைப் பைத்தியம் என்பாய் என்று நினைத்தேன். நீ நேரே கை கழுவப் போனாய்.

குறை கண்டுபிடிக்கத்தான் படுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கவனித்தேன். தோளைத் தொடுவதற்கு முன், "இப்ப திருப்பப் போறேன்" என்றாய். முழங்காலுக்கு நடுவே தலையணை வைத்தாய். காது மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாய். பத்தொன்பது வருடம் இந்த வேலை செய்கிறேன், பாதி நாள் நான் காதைப் பார்ப்பதில்லை. ரப்பர் விரிப்பைப் போட்டு, குவளையால் ஊற்றி, கண்ணில் ஒரு சொட்டுப் படாமல் தலை கழுவிவிட்டாய். அப்போதுதான் அழுதேன். தண்ணீர் என்று நினைத்துத் துடைத்தாய், அல்லது தெரிந்தேதான் துடைத்தாய். அம்மா இதைத்தான் பதினோரு மாதம் உணர்ந்திருப்பாள் என்று தோன்றியது. பயப்படாமல் வந்திருந்தால் நான் பக்கத்தில் நின்றிருப்பேன். அது இனி இல்லை. ஆனால் அவள் எங்கே படுத்திருந்தாள், எப்படிப்பட்ட கைகளில் இருந்தாள் என்று என் உடம்புக்கு இப்போது தெரியும்.

அதன்பிறகு தூங்கிவிட்டேன் என்று நீ சொன்னாய். எழுந்தபோது நான் மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். நீ எப்போது திருப்பினாய் என்று எனக்குத் தெரியவே இல்லை.

இந்த உறைக்குள் படிவம் இருக்கிறது. தேதி எப்போதோ முடிந்துவிட்டது, உன் கல்லூரியும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருக்கிறேன். பராமரித்தவர் என்ற இடத்தில் உன் பெயர். எத்தனை நாள் என்ற இடத்தில், ஒரு பிற்பகல். நேரில் கண்டவர் என்ற இடத்தில் கையொப்பம் போட்டுவிட்டேன். பராமரிக்கப்பட்டவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.

அக்கா